ஆவுடையப்பன் வீட்டுக்கு ஏற்ற நாய்

மலையடி மடத்து மாடத்தியம்மையிடம் உபதேசம் கேட்டு வருகிறவர்களைவிட வேட்டைநாய்க் குட்டி கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். அம்மை குட்டியை விற்பதில்லை. பெண் கொடுப்பதுபோலத்தான் கொடுப்பாள். கேட்டவர் வீட்டுக்கு நேரில் போய்ப் பார்ப்பாள். பிடித்திருந்தால் அங்கே சாப்பிட்டுக் கை நனைப்பாள். பிடிக்கவில்லையென்றால் இலையைத் தொடாமல் எழுந்து வந்துவிடுவாள்.

அரிசி ஆலை ஆவுடையப்பன் அவளுடைய சீடர். வயதில் அவளுக்கு அப்பா மாதிரி. தமக்கு எந்த நாய் பொருந்தும் என்று கேட்க வந்தவர், பதிலையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"சிப்பிப்பாறைதான் அம்மா. நம்ம அந்தஸ்துக்கு அதுதான் சரி."

"வீட்டைப் பார்த்துட்டுச் சொல்லுதேன், அண்ணாச்சி."

அம்மை வரப்போகிற செய்தி தெருவெல்லாம் பரவியிருந்தது. பரப்பினவரே அவர்தான். அம்மை வந்தாள். கூடவே அவளுடைய வயதான சிப்பிப்பாறை வீரியும் வந்தது. ஓடிய காலத்தில் அதை முந்திய நாய் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே கிடையாது.

ஆவுடையப்பன் மார்பை நிமிர்த்திக்கொண்டு, குட்டிக்காகப் புதிதாகக் கட்டியிருந்த கூண்டைக் காட்டினார். கிரானைட் தரை, மின்விசிறி, வெள்ளிப் பூண் போட்ட சங்கிலி.

"குட்டி எங்கன ஓடும்?"

"எதுக்கு ஓடணும்? இங்கன கட்டிப் போட்டா ரோட்டுல போறவன் எல்லாம் நின்னு பார்ப்பாம்லா."

ஆவுடையப்பனின் மனைவி இலை போட்டுப் பரிமாறினாள். அம்மை இலைமுன் உட்கார்ந்தாள். கை மட்டும் மடியிலேயே இருந்தது. வாசலில் நின்ற கூட்டம் அந்தக் கையையே பார்த்தது. இந்த ஊரில் ஆவுடையப்பனுக்கு இல்லை என்று சொன்னவர் இதுவரை யாரும் இல்லை.

"ஒங்க பொழுது எப்படிப் போவும், அண்ணாச்சி?"

"காலைல ஆலை. கல்லாவுல உக்காந்திருப்பேன். மத்தியானம் ஒரு தூக்கம்."

"சாயங்காலம்?"

"முட்டு வலிம்மா. கோயில் வரைக்கும் மெதுவா ஒரு நடை."

"காட்டுப் பக்கம்?"

"போயே ரொம்ப நாளாச்சு."

"அந்தப் பொழுதுக்கு எந்த நாய் பொருந்தும்?"

ஆவுடையப்பன் கூண்டைத் திரும்பிப் பார்த்தார். மடத்துக் காட்டில் அந்தக் குட்டிகள் ஒன்றையொன்று துரத்திப் பறந்ததைக் கண்ணாரக் கண்டவர் அவர். அதைப் பார்த்துத்தான் ஆசையே வந்தது. குட்டியை ஓடவிட ஆள் போடுகிறேன் என்று சமாளித்திருக்கலாம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வாசல்வரை கேட்கும்படி சொன்னார்.

"அந்தக் குட்டிக்கு இந்த வீடு ஆகாதும்மா. அது ஓடப் பொறந்தது. நான் உக்காந்தே கெடக்கிறவன். வேண்டாம்."

சொல்லிவிட்டு அவர் தலை குனியவில்லை. கூண்டைக் கட்டி முடித்த அன்றுகூட அவருக்கு இவ்வளவு பெருமை இருந்ததில்லை.

அம்மை சோற்றில் கை வைத்தாள். பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டாள்.

கூட்டம் சலசலத்தது. ஆவுடையப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"குட்டி வேண்டாம்னு சொல்லிட்டேனே, அம்மா."

"குட்டியை யாரு குடுத்தா? வீரி ஓட வேண்டியதெல்லாம் ஓடி முடிச்சிட்டா. இனிமே அவளுக்கு மத்தியானம் ஒரு தூக்கமும் சாயங்காலம் கோயில் வரைக்கும் மெதுவா ஒரு நடையும் போதும்." அம்மை அடுத்த வாயை எடுத்தாள். "எத்தனையோ பேரு கேட்டும் இவளைக் குடுக்க எனக்கு மனசு வந்ததில்ல, அண்ணாச்சி. குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லுங்க."