சொற்பொழிவு மேசை கிட்டாரான கதை

நாகர்கோவிலில் முன்பு ஒரு சொற்பொழிவு மேசை இருந்தது. ஒரு மனமகிழ் மன்றத்தின் மேடையில், மைக்குக்கு நேர் கீழே, நல்ல தேக்கில் செய்து நிறுத்தியிருந்தார்கள். பட்டிமன்ற நடுவர்கள், ஓய்வுபெற்ற தாசில்தார்கள், பல் டாக்டர்கள் என்று ஊரில் வாய் இருந்த அத்தனை பேரும் அதன்மேல் கையூன்றிப் பேசினார்கள். பேசினவர்கள் பேசிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மேசை போகவில்லை. கைதட்டல் முடிகிறவரை அங்கேயே நின்றது.

வருடக்கணக்கில் இப்படி நின்றதில் அதற்கு ஒரு சந்தேகம் தீர்ந்துவிட்டது. இத்தனை நாளும் பேசியது வேறு யாரும் இல்லை, தானேதான். ஆட்கள் வந்து மாறிக்கொண்டே இருந்தார்கள். மாறாமல் மைக் முன்னால் நின்றது யார்?

பிறகு மன்றத்தை மூடிவிட்டு அந்த இடத்தில் ஜவுளிக்கடை கட்டினார்கள். மேசை பழைய மரக்கடைக்குப் போனது. அதன் கால்களை யாரோ ஆட்டுக்கொட்டகைக்கு வாங்கிப் போனார்கள். மேல்பலகை மட்டும் மிச்சம். கால் போனாலும் கம்பீரம் போகவில்லை என்பதால், நாமும் அவரை மரியாதையாகப் பலகையார் என்றே சொல்வோம்.

பலகையாரை வாங்கியவள் ஹெப்சிபா. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்தில் வேலை. அவள் வீட்டில் ஒரு கார் ஷெட் இருந்தது, கார் இல்லை. அந்த ஷெட்டில் அவள் ஒரு பேஸ் கிட்டார், அதாவது பாட்டுக்கு அடியில் கனமாக ஒலிக்கிற நான்கு கம்பிக் கிட்டார், செய்யப்போகிறாள்.

அதற்குக் காரணம் இருந்தது. தேவாலயப் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவன் பஹ்ரைனுக்கு வேலைக்குப் போய்விட்டான், கிட்டாரோடு. அந்த இடத்துக்கு வர ஹெப்சிபாவுக்கு ஆசை. ஆனால் சின்ன வயதில் கிரைண்டரில் சிக்கிய அவளுடைய இடதுகைச் சுண்டுவிரல் இன்னும் முழுதாக நிமிராது. கடையில் தொங்கிய பேஸ் கிட்டார்களின் கழுத்து நீளத்துக்கு அந்தக் கை எட்டவில்லை. கடைக்காரர் அவள் விரலைப் பார்த்தார், கிட்டாரைப் பார்த்தார். "உங்களுக்கு ஒரு நல்ல புல்லாங்குழல் காட்டட்டுமா?" என்றார்.

"ஏட்டி, கடையில இல்லாததையா நீ செஞ்சிரப் போற?" என்று கேட்டான் அவள் கணவன் ஜெயசிங்.

"ஆமா. கடையில இருக்கது எல்லாம் கடைக்காரர் கைக்குச் செஞ்சது. இது என் கைக்கு."

"நல்லது. கார் ஷெட்டுல காரைத் தவிர எல்லாம் வருது."

முதல் நாள் ஹெப்சிபா பலகையாரை மேசையில் கிடத்தி, பென்சிலால் ஒரு உருவம் வரைந்தாள். பலகையார் தொண்டையைச் செருமினார்.

"அவையில் வீற்றிருக்கும் ஆன்றோர்களே, சான்றோர்களே! இந்த எளியவனை மீண்டும் மேடையேற்ற..."

ஜிக்சா ரம்பம் கிர்ரென்று ஓட ஆரம்பித்தது. அது பேச்சு கேட்டு வளர்ந்த பிள்ளை இல்லை. ஓரங்கள் உதிர்ந்து விழுந்தன.

"என்ன துணிச்சல்! ஆளுநர் கை வைத்த ஓரம் அது!"

"அப்படியா? இப்போ அடுப்புக்கு" என்றது ரம்பம்.

அடுத்து உளி வந்தது. பலகையாரின் நடு உடம்பில் ஒரு குழி தோண்ட ஆரம்பித்தது.

"ஐயகோ, என் இதயத்தையே அகழ்கிறார்களே!"

"நானும் அதைத்தான் தேடுகிறேன். இதுவரை மரம்தான் வருகிறது" என்றது உளி.

உப்புத்தாள் மட்டும் பலகையாரிடம் பதமாக நடந்துகொண்டது. தேய்க்கத் தேய்க்க, "ஐயா எவ்வளவு வழவழப்பு, ஐயா எவ்வளவு பளபளப்பு" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. பலகையாருக்கு அந்த ஷெட்டில் அறிவாளி என்று பட்டது அது ஒன்றுதான். வேலை முடிந்ததும் அதைக் கசக்கி எறிந்தார்கள். பலகையார் இரங்கல் தெரிவித்தார். அதுவும் நீண்டுவிட்டது.

பிறகு மற்றவர்கள் வந்தார்கள். வேங்கை மரத்தில் கழுத்து வந்தது, அவள் கைக்கு எட்டுகிற அளவில், கட்டையாக. நான்கு கம்பிகள் வந்தன. அதில் மூத்தவன் தீக்குச்சிப் பருமன். கடைசியாக, பலகையாரின் குழியில் குடியேற ஒரு செப்புச் சுருள் வந்தது. ஹெப்சிபா தையல் மிஷின் மோட்டாரை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியைக் காந்தத்தைச் சுற்றிப் பொறுமையாகச் சுற்றிய சுருள். இரண்டு முறை அறுந்து, மூன்றாவது முறை பிறந்தது. அதனால் அதற்குப் பேச்சு குறைவு.

பலகையார் அதை வரவேற்றார். "வருக, வருக! என் குரலை ஊர் முழுக்க எடுத்துச் செல்லப்போகும் தம்பியே வருக!"

"உங்க குரலா?" என்றது சுருள். "எனக்கு அது கேட்காதே."

"என்ன?"

"எனக்கு இரும்பு அசைந்தால்தான் கேட்கும். கம்பி துடித்தால் தெரியும். அதைத்தான் ஸ்பீக்கருக்குச் சொல்வேன். நீங்கள் பேசுவதை உளிதான் ஒவ்வொன்றாக எனக்கு எடுத்துச் சொல்கிறது. அதனால் நம்புகிறேன்."

"அப்படியென்றால் நான் எதற்கு?"

சுருள் யோசித்தது. மனம் நோகாமல் சொல்லத்தான் பார்த்தது. அந்தக் கலை அதற்கு வரவில்லை.

"எங்களைப் பிடித்துக்கொள்ள" என்றது.

பலகையாரின் வாழ்நாளில் இப்படி ஓர் அவமானம் நடந்ததில்லை. உடனே ஒரு சங்கம் தொடங்கினார். தலைவர் அவர். செயலாளர், பொருளாளர் பதவிகளுக்குத் தகுதியான ஆள் கிடைக்காததால் அவற்றையும் அவரே ஏற்றார். தன்னை முதன்மைக் குரலாக அறிவிக்கும்வரை ஒத்துழையாமை என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்து, ஒருமனதாக நிறைவேற்றினார். அந்த ஒரு மனம் அவருடையது.

மூத்த கம்பி கேட்டான்: "ஒத்துழையாமைன்னா என்ன செய்வீங்க?"

"உப்புவேன்" என்றார் பலகையார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் மரம் உப்புவதற்கு விஞ்ஞானத்தில் ஒரு காரணம் சொல்கிறார்கள். பலகையார் உப்பியது அதனால் இல்லை. கழுத்து வந்து உட்காரும் இடத்தில் ஒரு பக்கம் மட்டும் மூச்சைப் பிடித்து உப்பினார். கழுத்து கோணிக்கொண்டது. கம்பிகள் கழுத்தில் உரச ஆரம்பித்தன.

ஹெப்சிபா முதல்முறையாகக் கிட்டாரை ஸ்பீக்கரில் இணைத்து மூத்த கம்பியைத் தட்டினாள். தகரப் பெட்டிக்குள் வண்டு மாட்டிக்கொண்டது போல ஒரு சத்தம் வந்தது. இன்னொரு இடத்தில் தட்டினாள். இன்னொரு வண்டு.

சமையலறையிலிருந்து ஜெயசிங் சிரித்தான். "மிக்சியைப் போட்டது யாரு?"

அவள் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டாள். நிமிராத சுண்டுவிரலை மற்ற கையால் நீவிக்கொண்டிருந்தாள். கடைக்காரரின் புல்லாங்குழல் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பிறகு ஒரு பழைய போர்வையை எடுத்துக் கிட்டாரைச் சுற்ற ஆரம்பித்தாள்.

"வெற்றி!" என்றார் பலகையார். "பார்த்தீர்களா, பொன்னாடை போர்த்துகிறார்கள்!"

"பரணில் போடப் போகிறார்கள்" என்றது கழுத்து. அது முதன்முதலில் வாய் திறந்தது அன்றைக்குத்தான்.

ஜெயசிங் வாசலில் வந்து நின்றான். அவன் முகத்திலிருந்து சிரிப்பு போயிருந்தது.

"என்னட்டி, மூடிக் கட்டுத?"

"சரிவரல."

"கழட்டிப் பாத்தியா?"

"எதைக் கழட்ட?"

"எனக்கு என்ன தெரியும்? நாலு ஸ்க்ரூ தெரியுது. மிக்சி ஓடலன்னா பரண்லயா தூக்கிப் போடுவ, கழட்டிப் பாப்பியா? அந்தத் திருப்புளியை எடு. நான் பிடிச்சுக்கிடுதேன்."

அவன் பிடித்துக்கொண்டான், அவள் கழற்றினாள். கழுத்துக்கும் பலகைக்கும் நடுவே ஒரு பக்கம் வெளிச்சம் தெரிந்தது. ஹெப்சிபா ஷெல்பிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து, கெட்டியான அட்டையில் விரல்நகம் அளவு துண்டு வெட்டி, அந்த இடைவெளியில் வைத்தாள். திரும்ப முடுக்கினாள்.

பலகையார் மூச்சைப் பிடித்து உப்பிப் பார்த்தார். அட்டைத்துண்டு அசையவில்லை.

"நீ யார்?" என்றார் பலகையார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"கல்யாணப் பத்திரிகைங்க. 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்கிற இடத்தில் இருந்தேன். இவங்க அந்தக் கல்யாணத்துக்குப் போகவே இல்லை."

ஹெப்சிபா மூத்த கம்பியைத் தட்டினாள். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. ஜெயசிங் தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டான்.

"ஏ, உள்ள கேக்குது!" என்றான்.

சனிக்கிழமை சாயங்காலம் தேவாலய மண்டபத்தில் கிறிஸ்மஸ் பாட்டுக்கு ஒத்திகை. குழுத் தலைவர் வில்பிரட், பாடுகிறவர்களுக்கு முன்னால் நின்று கையை அசைப்பார். பாடுகிறவர்கள் பெரும்பாலும் பாட்டுப் புத்தகத்தைத்தான் பார்ப்பார்கள். அதனால் இரு தரப்புக்கும் சண்டை வந்ததில்லை.

ஹெப்சிபா தோளில் மாட்டியிருந்ததை அவர் மேலும் கீழும் பார்த்தார். "என்னம்மா இது, சப்பாத்திக் கட்டைக்கு வால் முளைச்ச மாதிரி?"

"நானே செஞ்சதுண்ணே. ஒரு பாட்டு வாசிச்சுப் பாக்கட்டா?"

"கீபோர்டுலயே எல்லாச் சத்தமும் இருக்கு. சரி, ஆசைப்படுத. ஒரு பாட்டு. சரியில்லைன்னா ஓரமா உக்காந்து கேளு."

பலகையாருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பல வருடம் கழித்து ஒரு மேடை. வரிசையாக முகங்கள். "அவையோரே..." என்று தொடங்கினார்.

பாட்டு ஆரம்பித்தது. யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஹெப்சிபாவின் விரல்கள் நிதானமாக நடந்தன. குட்டைக் கழுத்தில் அவளுடைய கை எட்டாத இடமே இல்லை. பாட்டு தரையில் காலூன்றி நடந்தது. ஆனால் பாடுகிறவர்கள் தங்கள் குரலை ரசித்தார்கள். ஒத்திகையை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பாடுகிறவர்களைப் பார்த்தார்கள்.

வில்பிரட் மட்டும் முகம் சுளித்தார். தனியாக எதுவும் கேட்கவில்லையே, பிறகு எதற்கு இது? பாட்டு நடக்கும்போதே எட்டி, ஹெப்சிபாவின் ஸ்பீக்கரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகியை முழுக்கக் குறைத்தார்.

இரண்டு அடிகள் வரை ஒன்றும் ஆகவில்லை. பிறகு பெண்கள் வரிசை கொஞ்சம் வேகமெடுத்தது. ஆண்கள் அதைப் பிடிக்க ஓடினார்கள். டிரம்ஸ் வாசிப்பவன் யாரோடு போவது என்று தெரியாமல் இரண்டு பேரோடும் போனான். வில்பிரட் கையை அகலமாக அசைத்தார். அதை யாரும் பார்க்கவில்லை. பாட்டு, தாங்குகட்டை எடுத்த பந்தல் போல ஒரு பக்கமாகச் சரிந்து நின்றுபோனது.

"என்னமோ போச்சே!" என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி. "காலுக்குக் கீழ என்னமோ போச்சே!"

ஹெப்சிபா குனிந்து, திருகியைப் பழைய இடத்துக்குத் திருப்பினாள். "மறுபடி முதல்லருந்து போலாமாண்ணே?"

போனார்கள். இந்தமுறை பாட்டு தொடங்கிய இடத்திலிருந்து முடிகிற இடம்வரை, ஒரே குடும்பம் ஒரே பஸ்ஸில் போவது போலப் போய்ச் சேர்ந்தது. முடிந்ததும் பாடினவர்களே கைதட்டினார்கள். அந்தப் பெண் ஹெப்சிபாவைத் திரும்பிப் பார்த்து, "நீ இதை நிறுத்தாத, என்ன?" என்றாள். அதோடு ஹெப்சிபாவின் இடம் முடிவாகிவிட்டது. தலைவரைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கைதட்டல் கேட்டு போதகர் உள்ளே வந்தார். "பிரமாதமா இருந்துதே! முன்ன இப்படிக் கேட்டதில்லையே?"

வில்பிரட் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அது ஒண்ணுமில்ல போதகரே. முதல்ல கொஞ்சம் சரிஞ்சுது. பாத்தேன். கையை இன்னும் கொஞ்சம் அழுத்தி அசைச்சேன். எல்லாம் இந்தக் கையிலதான் இருக்கு."

போதகர் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஹெப்சிபா கம்பிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு இருந்தது. ஆனால் பலகையாருக்கு அது பொறுக்கவில்லை. தேக்கு முழுவதும் கொதித்தது.

"அவையோரே!" என்று முழங்கினார். "இந்த அநியாயத்தைக் கேட்பார் இல்லையா? இந்த மனிதர் பாடினாரா? இல்லை! வாசித்தாரா? இல்லை! மற்றவர்கள் பாடினார்கள், இவர் முன்னால் நின்றார். மற்றவர்கள் போன பிறகும் கைதட்டலுக்காக அங்கேயே நின்றார். நின்று நின்று, அது அத்தனையும் தன்னுடைய குரல்தான் என்று..."

சுருளுக்கு எதுவும் கேட்கவில்லை. கம்பிகள் அசையாமல் இருந்தன. கழுத்து மட்டும் மெதுவாக, "சொல்லுங்க, என்று?" என்றது.

பலகையார் தன் வாழ்நாளிலேயே முதல்முறையாக ஒரு பேச்சைப் பாதியில் நிறுத்தினார்.