தேரி மணல்

"சாமி, அந்தச் சடைச்சி போகணும். இல்லேன்னா நான் போறேன்."

குருவின் குடிசை வாசலில் நின்றபடியே உலகம்மை இதைச் சொன்னாள். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

குரு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். வயதில் அவளைவிட இளையவர். ஆசிரமத்தில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளை அவளிடம் ஒப்படைத்தவர் அவர்தான்.

"என்ன செய்யுறா?"

கேட்டதுதான் தாமதம், உலகம்மை கொட்டித் தீர்த்தாள். பாடம் தொடங்கினால் சடைச்சி முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறாள். கேள்வி கேட்டால் பதில் இல்லை. குடிக்க வைத்த தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு போய்த் தரையில் ஊற்றுகிறாள். அவளைப் பார்த்துச் சுடலை என்ற பையனும் கெட்டுப்போனான். உலகம்மை காலை இழுத்து நடப்பதுபோல் அவன் நடந்துகாட்ட, கொட்டகை முழுக்கச் சிரிக்கிறது.

"அடிச்சுப் பார்த்தீங்களா?"

"புளிய விளார் ஒடிஞ்சதுதான் மிச்சம்."

"ஏதாவது கொடுத்துப் பார்த்தீங்களா?"

"கருப்பட்டி கொடுத்தேன். தின்னுட்டு முதுகைக் காட்டினா."

"இடம் மாத்தினீங்களா?"

"முன்னாடி கொண்டுவந்து வச்சேன். மறுநாளே பழைய இடத்துல போய் உட்கார்ந்துட்டா."

"அவளையே சட்டாம்பிள்ளை ஆக்கியிருக்கலாம்."

"ஆக்கினேனே. எல்லாப் பிள்ளையையும் கூட்டிக்கிட்டுத் தெக்குப் பாதையில போயிட்டா. தேடிப் பிடிச்சுக் கொண்டுவரதுக்குள்ள பொழுது சாஞ்சிருச்சு."

குரு ஒரு கல்லை எடுத்து முற்றத்தில் எறிந்தார்.

"முன்னாடி எப்படி இருந்தா?"

"அப்பவும் தொல்லைதான். பாடம் தொடங்குற நேரமாப் பார்த்து எழுந்து நிப்பா. 'வாத்தியாரம்மா, ஒண்ணு சொல்லணும்'பா. பாட நேரத்துல என்ன பேச்சு, உட்காருன்னுவேன். மறுநாளும் எழுந்திருப்பா. ஒருநாள் வெயில்ல நிக்க வச்சேன். அதோட விட்டுட்டா."

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "அந்த ஒண்ணுலதான் சாமி நான் ஜெயிச்சேன்" என்றாள்.

குரு முறத்தைக் கீழே வைத்தார்.

"சரி, அனுப்பிருவோம். அவ மணலை அள்ளிக்கிட்டு வாங்க."

அது அந்த ஆசிரமத்து வழக்கம். பள்ளியில் சேர வரும் பிள்ளை தன் ஊர் மணலை மடியில் கட்டிக்கொண்டு வரவேண்டும். அதைத் தன் இடத்தில் கொட்டிப் பரப்பி, அதன்மேல்தான் விரலால் எழுதிப் பழக வேண்டும். பிள்ளை திரும்பிப் போகும் நாளில், சொல்லிக்கொடுத்தவர் தன் கையாலேயே அந்த மணலை அள்ளிப் பிள்ளையின் மடியில் போட்டு அனுப்பவேண்டும்.

கொட்டகையில் யாரும் இல்லை. பிள்ளைகள் கஞ்சிக்குப் போயிருந்தார்கள்.

சுடலையின் கறுத்த மணலில் ஒரு பொம்பளை காலை இழுத்துக்கொண்டு நடப்பதுபோல் விரலால் வரைந்திருந்தது. உலகம்மை அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் கடந்து போனாள்.

சடைச்சியின் இடம் கடைசிக்கு முந்தின வரிசையில் இருந்தது. வெள்ளை ஆற்று மணல். அதில் ஓர் எழுத்துகூட இல்லை. உலகம்மை முந்தானையை விரித்து, குத்தவைத்து அள்ளத் தொடங்கினாள். இன்றோடு தொல்லை விட்டது என்று நினைத்துக்கொண்டாள். நினைத்த அளவுக்குச் சந்தோஷம் வரவில்லை.

அள்ளும்போது கை பின்பக்கத்து மணலில் பட்டது. ஈரமாக இருந்தது.

மழை பெய்து எத்தனையோ நாளாகிறது. கூரையும் ஒழுகவில்லை.

திரும்பிப் பார்த்தாள். செக்கச்செவேலென்று, தெற்கத்தி மணல்மேட்டுத் தேரி மணல். அதில் விரல் உயரத்துக்குக் கம்பு முளைத்து நின்றது. யாரோ விதைத்துத் தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறார்கள்.

எழுதுகிற மணலில் எப்படிப் பயிர் முளைக்கும்?

இந்த இடத்துப் பிள்ளை எங்கே?

போயிருந்தால் மணல் இங்கே இருக்காது. உலகம்மையே தன் கையால் அள்ளிக் கொடுத்திருப்பாள். அவள் அள்ளவில்லை.

உலகம்மை யோசித்தாள். தெற்கேயிருந்து வந்த பிள்ளை. எண்ணெய் காணாத தலை. பாவாடை முழுக்கச் செம்மண் கறை. சேர்ந்த அன்று, "சத்தம் போடாம உட்காரு" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. பிள்ளை அப்படியே உட்கார்ந்தாள். ஒருநாளும் சத்தம் போடவில்லை. எல்லாப் பிள்ளைகளும் இதுபோல இருந்தால் எவ்வளவு நிம்மதி என்று நினைத்ததும்கூட நினைவுக்கு வந்தது.

முகம் வரவில்லை. பெயரும் வரவில்லை.

அவள் எழுந்தபோது முந்தானையிலிருந்த வெள்ளை மணல் சரிந்து கொட்டியது.

குருவின் முன்னால் போய் நின்றாள்.

"சாமி, ஒரு தேரிப் பிள்ளை இருந்தாளே. எப்பப் போனா?"

"எந்தப் பிள்ளை?"

"அதான் சாமி, செம்மண் பாவாடைக்காரி. பேரு வரமாட்டேங்குது."

"எனக்குத் தெரியாதும்மா. பிள்ளைகளை உங்ககிட்ட விட்டேன்." குரு முறத்தைக் கையில் எடுத்தார். "வெயில்ல நிக்க வச்சீங்களே, அன்னைக்கு அந்தச் சடைச்சி என்ன சொல்ல வந்தா?"

உலகம்மை திரும்பிக் காலை இழுத்து இழுத்து ஓடினாள். கஞ்சி குடித்துக்கொண்டிருந்த சுடலைகூட அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

சடைச்சி கொட்டகைக்குப் பின்னால் பானையருகே இருந்தாள். கையில் சிரட்டை.

உலகம்மை அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். அப்படி ஒரு பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து அவள் பேசியதே இல்லை.

"அன்னைக்கு எழுந்து நின்னியே சடைச்சி, என்ன சொல்ல வந்த?"

சடைச்சி தண்ணீர் மொண்டாள்.

"சொல்லும்மா. இப்ப கேக்குறேன்."

சடைச்சி நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்ணில் குறும்பு இல்லை, கோபமும் இல்லை. தண்ணீர் சிந்தாமல் சிரட்டையை இரண்டு கையாலும் பிடித்தபடி, கம்புப் பயிர் இருந்த பக்கம் போக எழுந்தாள்.

"தேரிப் பிள்ளை கிளம்பப்போறான்னு, அவ போறதுக்கு முந்தி சொல்லணும்னுதான் எழுந்தேன்" என்றாள். "இனிமே சொல்லி என்னம்மா ஆகப்போகுது?"