உப்புக்காரி வாங்கின நோஞ்சான் குதிரை

ஒரு ஊர்ல ஒரு உப்புக்காரி இருந்தா. பேரு சிட்டம்மா. தலையில மூட்டையத் தூக்கிக்கிட்டு, தெருத்தெருவாக் கத்தி வித்தவ. மூக்குமேல கோவம். பேரம்னு வந்துட்டா எதிராளி கண்ணக் கசக்கிக்கிட்டுத்தான் போகணும். அவளுக்கு ஒரே ஆசை: ஒரு குதிரை வண்டி. மூட்டைய அது இழுக்கட்டும், இந்தக் கழுத்து கொஞ்சம் ஆறட்டும்னு.

ம் கொட்டு கண்ணு, இல்லேன்னா நிறுத்திடுவேன்.

அப்புறம், தன்னோட ஒத்த எருமைய ஓட்டிக்கிட்டுக் குதிரைச் சந்தைக்குப் போனா. அங்க தரகன் கோட்டமுத்து ஒரு செவலைக் குதிரையப் பிடிச்சுக்கிட்டு நின்னான். விலா எலும்ப எண்ணிடலாம். சிட்டம்மா அதோட உதட்டத் தூக்கி முன்பல்லப் பாத்தா. சந்தையில எல்லாரும் அப்படித்தான் பாப்பாங்க, வயசு அதுல தெரிஞ்சிடும். இளசுதான்.

"எலும்புக்குத் தோலப் போத்தி நிறுத்தியிருக்க. இதுக்கு என் எருமையா?"

"தீனி போடத் தெரிஞ்சவளுக்கு இது தங்கம். உனக்கு உப்பு அளக்கத்தானே தெரியும்?"

சுர்ருனு ஏறிடுச்சு அவளுக்கு. "மூணு அமாவாசைக்குள்ள இத வண்டி இழுக்க வைக்கிறேன்டா!"

"இழுக்கலேன்னா குதிரையும் எனக்கு, எருமையும் எனக்கு."

"சரிதான் போடா!" எருமைய அவன்கிட்டக் குடுத்துட்டு, குதிரையப் பிடிச்சுக்கிட்டுக் கெளம்பினா.

அந்தக் குதிரைய அவன் இதே மாதிரி பந்தயம் கட்டி மூணு பேருகிட்டக் குடுத்து, மூணு தடவையும் திரும்பப் பிடிச்சுக்கிட்டுப் போனவன். அது இவளுக்கு எங்க தெரியும்?

ம்... அப்புறம், வீட்டுக்கு வந்ததும் கொள்ள ஊறக்கூட வைக்காம ஒரு கூடை கொட்டினா. கடக் கடக். மறுநாள் அது போட்ட லத்தியப் பாத்தா, கொள்ளு முழுசு முழுசாக் கெடக்கு! மெல்லவே இல்ல. "திமிரப் பாரு"ன்னு திட்டினா. ஒரு அமாவாசை போச்சு.

அப்போ கொள்ள ஊற வச்சு, குழைய வேக வச்சு, தவிட்டப் பெசஞ்சு, நாள் பூராவுக்கும் ஒரே வேளையில வச்சா. அவ்வளவுதான். வயித்து வலியில குதிரை தொம் தொம்னு தரையில ஒதைக்குது, வயித்தத் திரும்பித் திரும்பிப் பாக்குது, உருளுது. கிணத்தச் சுத்திச் சுத்தி நடத்தினா, அது ஒருவழியா லத்தி போடுற வரைக்கும். உடம்புதான் மலை மாதிரி, இரைப்பை சின்னதுன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. ரெண்டாவது அமாவாசையும் போச்சு.

மூணாவதா, கொஞ்சம் கொஞ்சமா அஞ்சாறு வேளை புல்லு வச்சா. மொதல்ல தண்ணி, அப்புறம் புல்லு, நக்க ஒரு உப்புக்கட்டி. உப்ப சளப் சளப்னு நக்குச்சு. ஆனா புல்லு? கொதக்குனு மென்னு, பந்து பந்தாக் கீழ துப்பிடுச்சு!

"என் எருமையவே முழுங்கிட்டியேடி!" தொட்டிய எட்டி ஒதைச்சா. அப்புறம் அப்படியே உக்காந்து, அந்தப் புல்லுப் பந்த எடுத்துப் பிச்சுப் பாத்தா. உள்ள ஒரு கோடு ரத்தம்.

அப்போதான் யோசிச்சா. பசி இருக்கு, புல்லும் இருக்கு, வாய்க்குள்ள என்ன இருக்கு? நாக்க ஒரு பக்கமா இழுத்துப் பிடிச்சு, கடவாயில வெரல விட்டா. சுரீர்! கடவாப் பல்லோட ஓரம் கத்தி மாதிரி. மெல்லும்போதெல்லாம் கன்னத்தக் கிழிச்சிருக்கு, பாவம்.

"வயச எண்ணத் தெரிஞ்ச எனக்கு, மெல்லுற எடத்தப் பாக்கத் தெரியலையே!"

லாடம் அடிக்கிற சவரியக் கூட்டியாந்தா. அவரு அரத்த விட்டு அந்தப் பல்லு ஓரத்தக் கர்ரு கர்ருனு ராவினாரு. குதிரை அன்னைக்கே புல்லத் தின்னுச்சு, கறுக் முறுக், கறுக் முறுக். பத்து நாள் கழிச்சு ஊற வச்ச கொள்ளு, ஒரு கையளவு. அப்புறம் ரெண்டு கையளவு. விலா மறைஞ்சுது. ஒரு பழைய வண்டிய வாடகைக்குப் பிடிச்சு, அதுல பூட்டிப் பழக்கினா.

தூங்கிட்டியா? ம்... இரு, முடியப் போகுது.

மூணாவது அமாவாசை. கோட்டமுத்து தோள்ல கயிறோட வந்தான். "அவுத்துக்கட்டுமா?"

"மொதல்ல வண்டியில ஏறு."

டக் டக் டக் டக்! பத்து உப்பு மூட்டை, அதுமேல தரகன். கடைத்தெரு வரைக்கும் ஒரே ஓட்டம்.

எறங்கினவன், "குதிரைய மாத்திட்ட நீ!"ன்னு கத்திக்கிட்டு, உதட்டத் தூக்கி முன்பல்லப் பாத்தான். அதே பல்லு. மறுபடியும் பாத்தான். அதே பல்லுதான்.

சிட்டம்மா சிரிச்சா. "பாரு, நல்லாப் பாரு. இன்னமும் அங்கயேதான் பாக்குற நீ." எங்க பாக்கணும்னு மட்டும் சொல்லவே இல்ல. வண்டியத் திருப்பினா. "உப்போ... உப்பு!"

அவ்வளவுதான் கண்ணு. வயிறு நெறஞ்சு குதிரை நின்னுக்கிட்டே தூங்கிடுச்சு. நீ படுத்துத் தூங்கு.