ஓடைக்குள் மடம்

அம்பலவாணனுக்கு மூன்று மழைக்காலமாகச் சரியான தூக்கம் இல்லை. மஞ்சனத்தி அணையின் பொறியாளர் அவர், வயது ஐம்பத்தாறு. அன்று காலை தூறலில் நனைந்துகொண்டே மடத்துக்கு வந்தவர், ஈரச் செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வணக்கம் சொல்லக்கூடத் தெம்பில்லை.

மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அணைக்குக் கீழே மூன்று ஓலைக் குடிசை, ஒரு மாட்டுக் கொட்டில், ஒரு சாமி, அவருடைய சீடர்கள் இரண்டு பேர், அவ்வளவுதான். சாமிக்கு அம்பலவாணனைவிடப் பத்து வயது குறைவு. ஆனால் மனைவி இறந்த வருஷம் இவரைப் பைத்தியம் பிடிக்காமல் காப்பாற்றியது அந்தச் சாமிதான். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து அவர் காலடியில் உட்காருவார்.

"தூக்கம் வரமாட்டேங்குது சாமி," என்றார். "மனசை எங்கயாவது இறக்கி வைக்கணும். ஒரு வழி சொல்லுங்க."

சாமி மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். வழக்கம்போல ஒரு கதை சொன்னார். செக்கிலிருந்து அவிழ்த்துவிட்ட பிறகும் வட்டமாகவே சுற்றிக்கொண்டிருந்த ஒரு மாட்டைப் பற்றிய கதை. நல்ல கதைதான். போன மாதமும் இதையேதான் சொன்னார். அம்பலவாணன் மரியாதைக்குத் தலையை ஆட்டிவைத்தார்.

கதை எடுபடவில்லை என்று சாமிக்கே தெரிந்துபோயிற்று. வைக்கோலைப் போட்டுவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"மனசு இருக்கட்டும். அணையில தண்ணி எப்படி இருக்கு?"

"நெறஞ்சு நிக்குது சாமி."

அதைச் சொன்னபோது அவர் குரலில் பெருமை இல்லை. அணைக்குக் கீழே இருக்கும் ஐந்து ஊர்ச் சனமும் அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டு அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. ராசியான மனுஷன், இவர் வந்த பிறகு அணை வற்றியதே இல்லை என்று பேச்சு. ராசியாவது மண்ணாவது. மழை வலுக்கிற மாதங்களில் அணையை முட்ட நிரப்பி வைக்கக் கூடாது. மலையில் கொட்டும் தண்ணீருக்கு இடம் விட்டு வைக்க வேண்டும். இடம் இல்லாவிட்டால் அது கரைமேல் ஏறும். மண்கரை அது, ஒரு இடத்தில் அறுத்துக்கொண்டால் போதும், ஐந்து ஊரும் போய்விடும்.

இதெல்லாம் அம்பலவாணனுக்குப் பாலபாடம். இருந்தும் மூன்று வருஷமாகப் பாசன வாய்க்காலுக்கு மட்டும் விட்டுவிட்டு, மற்றபடி விளிம்புவரை தண்ணீரை வைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்படியோ தப்பித்தாயிற்று. இப்போது வானொலியில் புயல் சின்னம் என்கிறார்கள். நாளைக்குக் கனமழையாம்.

"அப்ப ஷட்டரைத் திறந்து இறக்கிடலாமே," என்றார் சாமி.

"இறக்கலாம்."

"மேலிடத்துல கேக்கணுமோ?"

"வேண்டாம் சாமி. என் கையிலதான் இருக்கு."

அம்பலவாணன் சாமியின் முகத்தைப் பார்க்கவில்லை. கொட்டிலைப் பார்த்தார், குடிசைகளைப் பார்த்தார், மறுபடி கொட்டிலைப் பார்த்தார். அத்தனை வயதான மனுஷன் அப்படி விழிப்பதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

சாமியும் திரும்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் மேடு, நடுவில் மணல் தரை, நேர் மேலே அணையின் மூன்று ஷட்டர்கள். அவர் இங்கே குடிசை போட வந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு வறண்ட சித்திரையில். திறந்துவிட்ட தண்ணீர் ஓடுகிற ஓடை இது என்று வெளியூர்க்காரருக்கு எப்படித் தெரியும்? சொல்ல வேண்டிய அம்பலவாணன் அன்றைக்குப் பக்கத்தில்தான் நின்றார். "இங்க போட்டுக்கலாமா?" என்று சாமி கேட்டபோது, வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மழைக்கு முன்னால் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். மழை வந்தது. அடுத்த வருஷத்து மழையும் வந்தது.

"இது தண்ணி போற வழியா?" என்று சாமி மெல்லக் கேட்டார்.

அம்பலவாணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒரு ஷட்டரைக் கொஞ்சம் தூக்கினாலே கொட்டில் போயிரும் சாமி. மூணையும் தூக்கினா இங்க ஒண்ணும் மிஞ்சாது. எனக்குன்னு இருக்கறது இந்த ஒரு இடந்தான்."

சாமி கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார். நாலு வார்த்தை திட்டினால்கூட நன்றாயிருக்கும் என்று தோன்றியது. சாமி எழுந்து மாடுகளை அவிழ்த்தார். ஒவ்வொன்றாக மேட்டில் ஏற்றி வேப்பமரத்தில் கட்டினார். இறங்கி வந்து அரிசிப் பானையைத் தூக்கினார். சீடர்கள் இருவரும் அதைப் பார்த்துவிட்டு மூட்டை கட்டத் தொடங்கினார்கள்.

அம்பலவாணன் பின்னாலேயே போனார். புயல் வேறு பக்கம் திரும்பினாலும் திரும்பும், கரை இன்னும் ரெண்டு நாள் தாங்கும், அதற்குள் நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்துவிடுகிறேன் என்று என்னென்னவோ சொன்னார். சொல்லச் சொல்ல, தன் வாயிலிருந்து வருவதில் ஒன்றுகூட ஒரு பொறியாளர் பேசுகிற பேச்சில்லை என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. கடைசியில் அவரும் குனிந்து ஒரு தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போனார்.

"அதை வைங்க," என்றார் சாமி. "இது எங்க வேலை."

குடத்தை வைத்துவிட்டு அம்பலவாணன் நிமிர்ந்தார்.

"உங்களுக்காகத்தான் சாமி நான் திறக்கலை."

சாமி சுருட்டிய பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். அவர் முகமும் களைத்துப்போயிருந்தது.

"மூணு வருஷமா இந்த எடத்துல நான் நல்லாத் தூங்கினேன், அம்பலவாணன். ஞானம் வந்துட்டுதுன்னு நெனச்சிருந்தேன். உங்க தூக்கத்தைத்தான் தூங்கியிருக்கேன். போய்த் திறங்க."