அளகேசன் விட்ட பொன்மீன்

நெடுவயல் என்றொரு நாடு முன்னொரு காலத்தில் இருந்தது. அதை ஆண்ட சூரசேன ராஜாவுக்கு எது புதிதோ அதுதான் அழகு. அவர் சபையில் அளகேசன் என்று ஒரு பிரபு. அடுத்தவனுக்கு ஓலை விசிறி கிடைத்தாலும் அவனுக்கு வயிறு எரியும்.

ஒருநாள் மந்திரி நன்னயர் வீட்டில் ராஜா அயிரைமீன் குழம்பைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டு, மந்திரியை வாயாரப் புகழ்ந்தார். அளகேசனுக்குச் சோறு இறங்கவில்லை. கடல் கடந்து ஆள் அனுப்பி, ஒரு குடம் பொன்மீன் குஞ்சுகளை வரவழைத்து, அந்த அயிரை பிடிபடும் ஊர் ஏரியில் விட்டான். அவை கை நீளத்துக்கு வளர்ந்து மின்னின. ராஜா சொக்கிப்போய் தம் முத்துமாலையை அவன் கழுத்தில் போட்டார்.

மறு வருஷம் மீனவர்கள் மூட்டை முடிச்சோடு வந்து நின்றார்கள். "சாமி, ஏரியில அயிரையும் இல்ல, கெளுத்தியும் இல்ல. முட்டையைக்கூட விடாம இந்தப் பொன்மீன் தின்னுடுச்சு. இதைச் சமைச்சா ஒரே சேத்து நாத்தம். நாங்க வேற சீமைக்குப் போறோம்."

"மந்திரி தூண்டிவிட்ட கூட்டம், மகாராஜா. என் மாலையைப் பார்த்து அவருக்குப் பொறாமை," என்றான் அளகேசன்.

"அழகான மீன் என்ன கெடுதல் செய்துவிடும்? பௌர்ணமிக்குள் எனக்குப் புரியவையும். இல்லாவிட்டால் உம் முத்திரை மோதிரம் அளகேசனுக்கு," என்றார் ராஜா மந்திரியிடம்.

நன்னயர் மறுநாள் ஒரு தூரதேசத்துப் பயில்வானை அழைத்துவந்தார். நல்ல கட்டுடம்பு, முறுக்கு மீசை. ராஜா மயங்கிவிட்டார். "இஷ்டம்போல் இருக்கட்டும், யாரும் தடுக்கக்கூடாது."

பயில்வான் நேரே போய் அளகேசன் ஆசனத்தில் உட்கார்ந்தான். விருந்தில் அளகேசன் இலையில் விழுந்ததெல்லாம் அவன் வாய்க்குள் போயிற்று. ராஜா அவன் புஜத்தைத் தட்டிக் கொடுத்தபோது அளகேசனுக்குக் காதுவரை எரிந்தது. பிறகு பயில்வான் தன் தம்பிமார்களையும் கூட்டிவந்து அளகேசன் மாளிகையிலேயே குடியேறினான்.

அளகேசன் சபையில் அழுதேவிட்டான். "எங்கிருந்தோ வந்தவன் என் சோற்றையும் இடத்தையும் பிடுங்கிக்கொண்டால் நான் எங்கே போவேன், மகாராஜா? எனக்கு இருப்பது இந்த ஒரு ஊர்தான்."

"அயிரைக்கும் இருப்பது அந்த ஒரு ஏரிதான்," என்றார் நன்னயர்.

ராஜாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பயில்வானுக்குப் பரிசு கொடுத்து அனுப்பிவைத்தார். "விருந்தாளி ஒரு வார்த்தையில் போய்விட்டான். மீனையும் அப்படி அனுப்பிவிடும், மந்திரியாரே."

"அது ஆகாது, மகாராஜா. விடுவதற்கு ஒரு குடம் போதும். பிடிப்பதற்கு ஊரே இறங்க வேண்டும், அதுவும் வருஷக்கணக்கில்."

மோதிரம் நன்னயர் விரலிலேயே இருந்தது. முத்துமாலை மீனவர்களுக்குப் போயிற்று, அவர்கள் மூட்டையை அவிழ்த்தார்கள். அளகேசன் கைக்கு வலை வந்தது.

முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் ஏரியில் இறங்கினான். பக்கத்து மீனவன் வலையில் தன்னைவிட அதிகப் பொன்மீன் விழுந்ததைப் பார்த்தான். வயிறு எரிந்தது. அன்றிலிருந்து ஊரில் எல்லாருக்கும் முன்னால் ஏரிக்கு வருகிறவன் அவன்தான்.