நாலாவது ஆள்

"என்ன பிரசங்கம் பண்ணினா என் சபை ஒண்ணா சேரும், சிஸ்டர்?"

பாஸ்டர் ஜெபசிங் இன்னும் உட்காரக்கூட இல்லை. செருப்பைக் கழற்றியதும் கேட்டுவிட்டார்.

நகரத்தில் பெரிய சபை அவருடையது. அவர் குரலுக்கு மைக்கே தேவையில்லை என்பார்கள். ஆனாலும் மைக்கை விடமாட்டார். செங்கல்பட்டுக்கு வெளியே சின்ன ஜெபவீடு நடத்தும் சிஸ்டர் எப்சிபா அவரைவிட வயதில் இளையவர், அதிகம் பேசாதவர். நன்றாகப் பேசுகிறவர்கள் எங்காவது சிக்கிக்கொண்டால் அவரிடம்தான் வருவார்கள்.

சிஸ்டர் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு, பாஸ்டர்?"

"சபையில ஹெலன் அம்மான்னு ஒருத்தங்க. அவங்க வீட்டுக்காரர் தவறிட்டார். வாட்ஸ்அப்ல போட்டேன். எல்லாரும் கைகூப்பற படம் அனுப்பினாங்க. கல்லறைக்கு ஒருத்தர்கூட வரல."

"அப்புறம்?"

"பெட்டியைத் தூக்க ஆள் இல்ல. நான், ஆம்புலன்ஸ் டிரைவர், அவங்க அபார்ட்மென்ட் வாட்ச்மேன்." கொஞ்சம் நிறுத்தினார். "நாலாவது மூலையை அந்த அம்மாவே பிடிச்சாங்க."

மொச்சை உரித்த கை அப்படியே நின்றது.

"வாராவாரம் அவங்க பக்கத்துல உட்கார்றவர் என்கிட்ட வந்து, எந்த ஹெலன்னு கேக்கறார். எனக்கு வெட்கமா இருக்கு, சிஸ்டர். ஐக்கியத்தைப் பத்தி நான் பேசாத வாரமே கிடையாது."

"எங்களுக்கும் ஒரு பிரசங்கம் பண்ணுங்களேன். உங்க சபையில பண்ற மாதிரியே."

சமையல் பார்க்கும் சாராள் வந்தாள். தோட்ட வேலை செய்யும் மாசிலாமணி வந்தார். தையல் படிக்க வந்த பெண்களும் பாயில் உட்கார்ந்தார்கள்.

பாஸ்டர் பேசினார். நன்றாகவே பேசினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். சாராள் உலையை மறந்துவிட்டாள்.

முடிவில், எப்போதும் போல, குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாரும் கண்ணை மூடிக்கோங்க. யாரும் யாரையும் பார்க்க வேண்டாம். இப்போ நீங்களும் ஆண்டவரும் மட்டும்தான். மனசுல பாரம் இருக்கிறவங்க கையை உயர்த்துங்க."

ஒரு கை உயர்ந்தது. சிஸ்டர் எப்சிபாவின் கை.

பாஸ்டர் ஒரு கணம் தடுமாறினார். ஆனால் வாய் பழகிய வழியில் போய்விட்டது.

"பார்க்கிறேன், சகோதரி. ஆண்டவரும் பார்க்கிறார். கையை இறக்கிக்கோங்க. ஆமென்."

எல்லாரும் கண்ணைத் திறந்து அவரவர் வேலைக்குப் போனார்கள்.

மதியம் சாப்பாடு ஆயிற்று. கிளம்பும்போது பாஸ்டர் கேட்டார்.

"நான் கேட்டதுக்குப் பதிலே சொல்லலையே, சிஸ்டர்."

"நான் கையைத் தூக்கினேன், பாஸ்டர்."

"பார்த்தேன்."

"அதுக்கப்புறம் உங்களுக்குக் குழம்பு ஊத்தினேன். மொச்சை நல்லா வெந்திருக்குன்னு சொன்னீங்க."

சிஸ்டர் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"சாராள் என்னை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தா. என் கையைப் பார்த்திருந்தா, என்ன பாரம்னு கேக்காம விட்டிருக்க மாட்டா. பாவம், நீங்க சொன்னீங்களேன்னு கண்ணை மூடிட்டு இருந்தா."

 பாஸ்டருக்குத் தன் சபையின் மூன்றாவது வரிசை ஞாபகம் வந்தது. ஓரத்தில் ஒரு மெலிந்த கை. பக்கத்தில் இருந்த அத்தனை பேரும் கண்ணை இறுக மூடியிருந்தார்கள். இறக்கச் சொன்னதும் அது சொன்னபடி இறங்கிவிடும். அடுத்த வாரம் மறுபடி உயரும்.

"ஹெலன் அம்மாவும் தூக்கினாங்க." என்றார் பாஸ்டர். "வீட்டுக்காரர் படுக்கையில விழுந்ததிலேருந்து வாராவாரம் தூக்கினாங்க. எனக்கு மட்டும்தான் தெரியும். நான்தான் இறக்கச் சொன்னேன்."



பாஸ்டர் செருப்பை மாட்டினார். என்ன நினைத்தாரோ, மறுபடி கழற்றினார். நிமிர்ந்து பார்க்கக் கூசியது. தரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"நீங்க எதுக்காகக் கையைத் தூக்கினீங்க, சிஸ்டர்?"

"சொல்றேன். சாராளையும் மாசிலாமணி அண்ணனையும் கூப்பிடுங்க, அவங்களும் கேக்கட்டும்."

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அப்புறம் ஹெலன் அம்மா வீட்டுக்குப் போவோம். நாலு பேர் இருக்கோம்."