செம்மறி ஏன் தலையைக் கவிழ்த்து நிற்கிறது

அந்தக் காலத்தில் ஆடுகளுக்கும் பேச்சு இருந்தது. நம்மைவிட நன்றாகவே பேசின. பொய் மட்டும்தான் தெரியாது.

கூளையன் என்றொரு மந்தைக்காரன். காலையில் பட்டியின் படலைத் திறக்குமுன், "யாருக்கு என்ன செய்யுது, சொல்லுங்க தாயீ" என்று கேட்பான். முள் குத்தியதென்று ஒன்று சொல்லும், பிடுங்கிப் போடுவான். வயிறு உப்புசம் என்று மற்றொன்று சொல்லும், கசாயம் புகட்டுவான். அதுவரைக்கும் நல்லவன்தான், மறுக்கவில்லை.

ஒருநாள் செவலை என்ற இளம் ஆடு முன்னால் வந்தது. "அண்ணே, மூச்சு விட முடியலை. நெஞ்சுக்குள்ள கரகரங்குது."

"அடடா, என் கண்ணு! வா, வைத்தியம் பாத்துட்டு வருவோம்" என்று தடவிக்கொடுத்துக் கயிறு போட்டுக் கூட்டிப் போனான். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். செத்தால் கறி விலைக்கும் ஆகாதே என்று நேரே சந்தைக்கு ஓட்டிக் கசாப்புக்காரன் கையில் கொடுத்துவிட்டான், பாவி.

மாலையில் வெறுங்கயிறோடு வந்தவனிடம் தாய் ஆடு மயிலை கேட்டது. "எங்கே என் மக?"

"குணமாயிட்டா. அங்கேயே மேயுறா."

மயிலை அவன் வேட்டியை முகர்ந்தது. மகளின் ரத்தவாடை. மந்தைக்குள் திரும்பிப் போய்ச் சொன்னது: "இனி நமக்கு நோவே கிடையாது. கேட்டா மென்னுக்கிட்டு நில்லுங்க. இருமல் வந்தா பக்கத்தவ வயித்துக்கடியில மூஞ்சியப் புதைச்சுக்குங்க."

நோய் செவலையோடு போய்விடுமா என்ன? பட்டி முழுக்கப் பரவியது. கூளையன் தினமும் கேட்டான். எல்லாம் மென்றுகொண்டு நின்றன. பிறகு ஒவ்வொன்றாக விழுந்தன. மயிலையின் கடைசிக் குட்டியும், தாய் சொல் தட்டாமல், வாய் திறவாமலே செத்தது.

கூளையன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒதுக்கி வச்சு மருந்து குடுத்திருப்பேனே!"

குட்டியின் மேல் தலை வைத்துக் கிடந்த மயிலை நிமிர்ந்து பார்த்தது. "சொன்னவளை என்ன செஞ்சே?"

ஆடு பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அன்று முதல்தான் செம்மறிகள் ஒன்றின் வயிற்றடியில் ஒன்று தலையைப் புதைத்து நிற்கின்றன. மந்தைக்காரனும் அன்று முதல்தான், மூக்கில் சளி வடிகிறதா, விலா எக்கி எக்கி இழுக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துத் திரிகிறான். என்ன பார்த்து என்ன? ஆடு இன்னும் அவனை நம்பவில்லை.